நியாயமும் ஆறுதலும்: வன்னி மாணவன் ஒருவனின் மெய்யியற் பயணம்

தன் சமயத்துக்கு நியாயம் கூறுதல் தமிழர்க்குப் புதிய கலை அன்று. மணிமேகலை வஞ்சி மாநகரிலே பல்வேறு சமயக் கணக்கரின் திறங்களைக் கேட்டறிந்தாள். நீலகேசி ஆசிரியர் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் சென்று வாதம் புரிந்தாள். அருணந்தி சிவாசாரியர் தமது சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்து, பிறர் கொள்கையை எடுத்துக் கூறி மறுத்த பின்னரே தம் கொள்கையை நிறுவினார். கிறிஸ்தவரிடையே இதனையொத்த கலை 'அப்பொலோகியா' என்னும் கிரேக்கச் சொல்லினடியாகப் பெயர்பெற்றது. நீதிமன்றத்திலே குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் பக்கத்தை எடுத்துரைக்கும் பேச்சுக்கே அச்சொல் முதலில் வழங்கியது. ஏதென்ஸ் நகர நடுவர் முன் சோக்கிரதீஸ் நிகழ்த்தியதாகப் பிளேட்டோ எழுதிய உரையின் பெயரும் அதுவே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்னும் மெய்யியலாளர் கிறிஸ்தவர்களுக்காக உரோமப் பேரரசன் அந்தோனினுஸ் பியுசுக்கு எழுதிய விண்ணப்பமும் அப்பெயராலேயே அறியப்படுகிறது. ஆகவே, இக்கலை பிறந்தபோதே அதனுள் ஒரு வழக்கும், ஒரு மன்றமும், கூண்டில் நிற்கும் ஒருவரும் இருந்தனர் எனலாம்.

கூண்டில் நிற்பவர் யார் என்பதைச் சரியாக அறியாமல் வாதாடப் புகுந்தால் நேர்வது யாது? இவ்வினாவுக்கு விடை காணப் பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட மாணவன் ஒருவனின் கல்வி வரலாறே ஈண்டு நோக்கப்படுகிறது. அவன் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். மீன்பிடித்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்திலே பிறந்தவன்.

அவனது முதற் பள்ளி கோயில் வளவிலே நின்ற வேப்பமர நிழல் ஆகும். ஞாயிறுதோறும் பூசை முடிந்த பின் மறையாசிரியை ஒருவர் அங்கு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். உலகைப் படைத்தவர் யார், எதற்காகப் படைத்தார் என அவர் வினவுவார். பிள்ளைகள் ஒரே குரலில் விடை சொல்வர். அந்நிலையில் வினாவும் விடையும் இணைபிரியாதவை; விடையற்ற வினா என ஒன்று இருக்கக்கூடும் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. எனினும், அக்கல்வியை எளிதென்று தள்ளிவிடுதல் தகாது. மனனம் செய்த அச்சொற்கள் பிற்காலத்திலே அவன் ஐயுறுவதற்கேனும் ஒரு பொருளாக நின்றன. ஒன்றையும் கற்காதவனுக்கு ஐயுறுவதற்கும் ஒன்றுமில்லை.

வன்னி மண்ணிலே கிறிஸ்தவம் வாதத்தினால் நிலைபெற்றதன்று. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்தனர். மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தம் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு மருதமடுக் காட்டுக்குள் ஒதுங்கின என்பது மடுத் திருத்தலத்தின் மரபு. 1687 இல் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகள் மறைந்து வாழ்ந்த இத்தகைய மக்களையே தேடிச் சென்றார். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் அவர்களுக்கு நூல்கள் எழுதினார். சமய வாதம் செழித்தோங்கிய இடம் யாழ்ப்பாணக் குடாநாடு ஆகும். 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, 1854 இல் ஆறுமுகநாவலர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், பின்னாளில் சுவாமி ஞானப்பிரகாசரின் எண்ணற்ற கண்டன நூல்கள் என அங்கு இரு பக்கத்திலும் அச்சியந்திரங்கள் ஓயாது இயங்கின. வன்னிக் கிராமங்களிலோ சைவரும் கத்தோலிக்கரும் ஒரே கிணற்றில் நீர் அள்ளினர். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் வண்டி கட்டினர். அம்மாணவனின் வீட்டுக்கு அடுத்த வளவிலே வாழ்ந்தவரும் சைவப் பெண்மணி ஒருவரே. அவனுடைய அப்பம்மாவுக்கும் அவருக்குமிடையே நாற்பது ஆண்டுக்கால நட்பு நிலவியது.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அவன் ஆறாந் தரத்திலே கற்றுக்கொண்டிருந்தான். நத்தாருக்கு மறுநாளாகையால் தாயும் அவனும் உள்ளூரிலிருந்த பெரியம்மா வீட்டுக்குப் புறப்பட்டனர். ஏழு வயதுத் தங்கையும் வருவதாக அடம்பிடித்தாள். அப்பம்மா, "பிள்ளை என்னோடை நிக்கட்டும்" என்று அவளைத் தம்முடன் நிறுத்திக்கொண்டார். சிறிது நேரத்தின் பின் கடல் கரையேறியது. இலங்கையிலே 30,000 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அவ்வலை முல்லைத்தீவுப் பட்டினத்தையும் அயற்கிராமங்களையும் துடைத்தெடுத்தது. அப்பம்மா மரமொன்றிலே சிக்கி உயிர்தப்பினார். அவர் கையைப் பற்றியிருந்த பேத்தி தப்பவில்லை. அடுத்த வளவுப் பெண்மணியும் அன்று தம் மகனை இழந்தார்.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி நடைபெறவில்லை. மீண்டும் அது தொடங்கியபோது, மறையாசிரியை பழைய வினாக்களையே கேட்டார். பிள்ளைகளும் பழைய விடைகளையே கூறினர். வரிசையிலே இருந்த வெற்றிடங்களைப் பற்றி எவரும் வினவவில்லை. விடையற்ற வினா ஒன்று உண்டென அவன் அறிந்தது அன்றுதான்.

2009 இல் அக்குடும்பம் மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனக் கரையோரமாகவே பெயர்ந்து, ஈற்றில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமைச் சென்றடைந்தது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த அம்முகாம்களிலே, கூடாரத்துக்குக் கூடாரம் ஒரே வினா எழுந்தது. 'இது பாவத்துக்குத் தண்டனை' என விடை கூறவும் சிலர் வந்தனர். அச்சொல்லைக் கேட்ட அப்பம்மா தலைகுனிந்து அமர்ந்திருந்ததை, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அவன் கண்டான். பரீட்சைப் பாடங்களுள் கத்தோலிக்க சமயமும் ஒன்று. திருவிவிலியம், திருச்சபை வரலாறு, அருளடையாளங்கள் ஆகியன பற்றி அப்பாடநூல் செம்மையாக விளக்கியது. ஆனால் கூடாரத்தின் வினா வினாத்தாளிலே இடம்பெறவில்லை.

மீள்குடியேற்றத்தின் பின் உயர்தரத்திலே அவன் தெரிவுசெய்த பாடம் அளவையியலும் விஞ்ஞான முறையும் ஆகும். அது அவனுக்கு ஒரு புதிய கருவியைத் தந்தது. எடுகூற்றுக்கள் யாவை, முடிவுக்கூற்று யாது, முன்னவற்றிலிருந்து பின்னது பெறப்படுமா எனப் பிரித்தறிய அவன் பழகினான். வாய்ப்பான நியாயமொன்றின் முடிவு உண்மையாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. உண்மையான முடிவொன்றை வாய்ப்பற்ற நியாயத்தாலும் ஒருவர் தாங்கி நிற்கலாம். இவ்வேறுபாடு அவனுக்குப் பெருவியப்பை அளித்தது. முகாமிலே கேட்ட 'தண்டனை' வாதத்தை அவன் தாளிலே எழுதிப் பார்த்தான். பாவம் செய்தோர் துன்புறுவர், இவர்கள் துன்புறுகின்றனர், ஆகவே இவர்கள் பாவம் செய்தோர். பின்னடையை உடன்பட்டு முன்னடையை நிறுவ முயலும் போலி அது என உயர்தர மாணவன் எவனும் கூறுவான். அறிஞர் போன்று பேசியவர்கள் இழைத்த தவறு பள்ளிக்கூடத் தவறே எனக் கண்டபோது அவன் அடைந்த விடுதலையுணர்வு சிறிதன்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மெய்யியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கத் தொடங்கியதும் அவ்வினா உலகளாவியது என்பதை அவன் அறிந்தான். 1755 ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாளன்று காலை, மக்கள் கோயில்களிலே கூடியிருந்த வேளையில் லிஸ்பன் நகரைப் பூகம்பம் குலுக்கியது. தொடர்ந்து கடல் புகுந்தது. பின்னர் தீ பரவியது. திருநாளுக்கு மறுநாள் முல்லைத்தீவிலே நிகழ்ந்ததற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை அவனைத் திடுக்கிடச் செய்தது. இருக்கக்கூடிய உலகங்களுள் இதுவே சிறந்தது என 1710 இல் லைப்னிற்ஸ் எழுதிய நூலை, லிஸ்பன் அழிவின் பின் வோல்தேயர் முதலிற் கவிதையாலும் 1759 இல் கந்தீத் என்னும் கதையாலும் எள்ளி நகையாடினார். ரூசோ வேறொரு திசையில் நோக்கினார். ஆறு, ஏழு மாடிகளாக வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கையோ எனக் கேட்டு, அழிவின் ஒரு பங்கை அவர் மனிதர் கணக்கிலே வைத்தார்.

ரூசோவின் இவ்வினா வன்னிக்கு மிகப் பொருந்துவது. 2004 இன் அழிவு இயற்கையால் வந்தது. 2009 இன் அழிவு மனிதரால் வந்தது. பின்னதற்கு இறைவனிடம் விளக்கம் கேட்போர், மனிதர் கூற வேண்டிய பதிலை இறைவன் தலையிலே சுமத்தி, மனிதரைத் தப்பவிடுகின்றனர். அவ்விடத்து வேண்டப்படுவது சமய நியாயம் அன்று. உலகியல் நீதியே ஆகும். ஆனால் கடலை எந்த மன்றத்துக்கு அழைப்பது?

இருபதாம் நூற்றாண்டின் விவாதமும் அவனுக்குப் பாடமாயிற்று. இறைவன் எல்லாம் வல்லவன், முழுதும் நல்லவன், எனினும் தீமை உண்டு என்னும் மூன்று கூற்றுக்களும் ஒருங்கே உண்மையாதல் இயலாது என ஜே. எல். மக்கி 1955 இல் வாதிட்டார். சுயாதீனமான உயிர்களைப் படைத்தால் அவை தீமை செய்யவும் கூடும். ஆகவே அம்மூன்றும் முரண்பட வேண்டியதில்லை என அல்வின் பிளான்ரிங்கா 1974 இல் வெளியிட்ட நூலிலே மறுமொழி கூறினார். இம்மறுமொழி இறைவன் ஏன் தீமையை விட்டுவைத்தான் என விளக்குவதன்று. முரண்பாடு இல்லை என்று மட்டுமே காட்டுவது. துயருற்றவனுக்கு வேண்டியது இத்தகைய ஆய்வு அன்று, மேய்ப்பரின் துணையே எனவும் அவர் அந்நூலிலே குறித்துள்ளார். அக்குறிப்பை அவன் படித்தான். ஆனால் அப்போது அதனைப் பொருட்படுத்தவில்லை.

2016 ஆம் ஆண்டு விடுமுறையிலே வீடு சென்ற அவனிடம் அப்பம்மா முதன்முறையாக வாய்திறந்தார். "மோனை, பெரிய படிப்புப் படிக்கிறாய். எனக்கு ஒண்டு சொல்லு. பிள்ளையின்ரை கை என்ரை கைக்குள்ளைதான் இருந்தது. ஏன் வழுகினது?"

அவன் ஒரு மணி நேரம் பேசினான். நிலத்தட்டுக்களின் இயக்கம், அவ்வியக்கத்துக்கும் உயிர்களின் வாழ்வுக்கும் உள்ள தொடர்பு, இயற்கை விதிகள் ஒருசீராக இயங்க வேண்டியதன் காரணம், தீமை தன்னளவில் ஒரு பொருளன்று, நன்மையின் குறைவே என்னும் அகுஸ்தீனார் கொள்கை ஆகிய யாவற்றையும் எளிய தமிழிலே எடுத்துரைத்தான். அவன் கூறியவற்றிலே பிழை இருந்தது எனச் சொல்வதற்கில்லை. அப்பம்மா இறுதிவரை கேட்டார். "நல்லாப் படிச்சிருக்கிறாய் மோனை" என்று சொல்லி எழுந்து, கோழிகளுக்குத் தீன் போடச் சென்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கிலே தான் வென்றதாக அவன் எண்ணியிருந்தால், அவ்வெண்ணம் அந்த முற்றத்திலேயே அழிந்தது.

அடுத்த படி அவனுக்கு எதிர்பாராத வழியிலே கிட்டியது. அவனது கிராமத்து நண்பன் ஒருவன் கொழும்புத்துறையிலுள்ள பெரிய குருத்துவக் கல்லூரியிலே பயின்றான். குருமாணவர் ஈராண்டு மெய்யியலும் நான்காண்டு இறையியலும் கற்க வேண்டுமென்பது 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் விதி. இருவரும் குறிப்பேடுகளை மாற்றிப் படித்தனர். பழைய நாளிலே எதிரிகளை வரிசைப்படுத்தி மறுக்கும் பாடமாயிருந்த சமய நியாயவியல், 1965 இல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் அடிப்படை இறையியல் என உருமாறி, பிறரோடு உரையாடும் பாடமானதை நண்பன் விளக்கினான். தோமஸ் அக்குவைனஸ் இறைவன் உளன் என்பதற்கு ஐந்து வழிகளைக் காட்டுமுன் இரு தடைகளை எழுப்புகிறார். அவற்றுள் முதலாவது தீமை பற்றியதே. மாற்றார் வாதத்தை முன்வைத்த பின்னரே தம் வாதத்தைத் தொடங்கும் அம்முறை, சித்தியாரின் முறைக்கு எத்துணை அண்மையது என இருவரும் வியந்தனர்.

எனினும், அவன் கண்ணைத் திறந்தவை யோபு ஆகமமும், அதனைப் பற்றிக் கான்ற் 1791 இல் எழுதிய சிறு கட்டுரையுமே ஆகும். யோபுவின் நண்பர்கள் அவனைக் காண வந்து, முதல் ஏழு நாட்கள் ஒன்றும் பேசாமல் அவனுடன் தரையிலே அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது சரியே. பேசத் தொடங்கியதும் அவர்கள் இறைவனுக்காக வாதாடினர். அவ்வாறு வாதாடுவதற்காக யோபுவைக் குற்றவாளியாக்கினர். ஈற்றிலே இறைவன் கடிந்துகொண்டது யோபுவை அன்று, தமக்காக வாதாடிய நண்பர்களையே. மெய்யியலாளர் இறைவனுக்காக நடத்திய வழக்குகள் யாவும் தோற்றன எனக் கூறும் கான்ற், அறிந்ததுபோல் நடித்த நண்பர்களைவிட, தன் உள்ளத்தை ஒளிக்காது பேசிய யோபுவே மேலானவன் என மதிப்பிடுகிறார்.

இதனைப் படித்த இரவு அப்பம்மாவின் வினாவை அவன் மீண்டும் நினைவுகூர்ந்தான். ஏன் கடல் வந்தது என அவர் கேட்கவில்லை. இறைவன் உளனா எனவும் கேட்கவில்லை. ஏன் கை வழுகினது என்பதே அவர் கேட்டது. அவ்வழக்கிலே கூண்டில் நின்றவர் இறைவன் அல்லர்; அப்பம்மாவே. பேத்தியைத் தம்முடன் நிறுத்தியவரும், அவள் கையை விட்டவரும் தாமே எனப் பல ஆண்டுகளாக அவர் தம்மீது வழக்குத் தொடுத்து, தாமே நடுவராயிருந்து, நாள்தோறும் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தார். பெயரனோ குற்றஞ்சாட்டப்படாத ஒருவருக்காக ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கூண்டிலேயே விட்டுவந்தான். முகாமிலே 'தண்டனை' என்றவர்கள் யோபுவின் நண்பர்கள் எனில், தானும் அவர்களிடமிருந்து வெகுதூரத்தில் இல்லை என அவன் உணர்ந்தான்.

2018 இல் பட்டப்படிப்பை முடித்து ஊர் திரும்பியதும் அவன் அப்பம்மாவின் அருகே அமர்ந்தான். இம்முறை அவரே பேசினார். 2005 சனவரியிலே, இடம்பெயர்ந்து தங்கிய பாடசாலை மண்டபத்தில், அடுத்த வளவுப் பெண்மணி அவரிடம், "நீ விடேல்லையடி, தண்ணி பறிச்சது" என்றாராம். வினைப்பயன் என்று கூறத் தம் சமயத்திலே இடமிருந்தும், தம் மகனை இழந்திருந்த அப்பெண்மணி பிறர் பிள்ளையின் சாவுக்கு அச்சொல்லை வழங்கவில்லை. "அவள் என்ரை மனம் நோகக்கூடாதெண்டு சொன்னவள். உண்மையெண்டு எனக்கு ஆர் சொல்லுறது?" என்றார் அப்பம்மா.

அப்போதுதான் அவன் கற்ற கல்விக்கு வேலை வந்தது. ஒரு கன மீற்றர் கடல்நீரின் நிறை ஆயிரம் கிலோகிராமுக்கும் அதிகம் என்றும், அத்தகைய நீர் சுவர்களைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோது எந்த மனிதக் கையாலும் இன்னொரு கையைப் பற்றியிருத்தல் இயலாது என்றும், திடகாத்திரமான மீனவர்களின் கைகளிலிருந்தும் பிள்ளைகள் பறிபோயினர் என்றும் அவன் கூறினான். நிறுத்தியது குற்றமாகாது, ஏனெனில் கடல் வருமென எவரும் அறிந்திருக்கவில்லை. அறியாத ஒன்றுக்கு எவரும் பொறுப்பாளி ஆகார் என்றும் கூறினான். "அவ சொன்னது ஆறுதலுக்கில்லை, அப்பம்மா. அது உண்மை." அப்பம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "எத்தினை கிலோ எண்டு சொன்னனீ?" எனக் கேட்டார். அவன் மறுபடியும் சொன்னான். அன்று மாலை அவர் வேலியருகே நின்று அந்த எண்ணைத் தம் தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாது? சமய நியாயமும் மெய்யியலும் பல படிகளிலே கற்கப்படுகின்றன. ஞானோபதேசம் சொற்களைத் தருகிறது. பாடசாலை அறிவைத் தருகிறது. அளவையியல் போலியை இனங்காணக் கற்பிக்கிறது. பல்கலைக்கழகம் வினாவை உலகளாவியதாக்குகிறது. இறையியல் அதனைத் தன் மரபினுள் வைத்து மீள எண்ணச் செய்கிறது. ஆனால் இவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கீழுள்ளதை மறந்துவிடுவதற்கான படிகள் அல்ல. வன்னிக் குளங்கள் எதனையும் அறிந்த உழவனுக்கு இது விளங்கும். குளத்திலே எவ்வளவு நீர் நின்றாலும், துருசைத் திறந்து வாய்க்காலிலே விட்டாலன்றி வயல் விளையாது. ஒரேயடியாகத் திறந்தாலோ இளம் பயிர் அழுகும். எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை வயலிடமே கேட்டறிதல் வேண்டும்.

2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கல்வி, தொழினுட்பக் கல்வி ஆகிய பீடங்களுடன் அது தொடங்கியது. மெய்யியலுக்கு அங்கு இடம் அமையவில்லை. இருபது ஆண்டுகளுள் கடலாலும் போராலும் தாக்குண்ட நிலப்பரப்பிலே, தீமை என்றால் என்ன, பொறுப்பு யாருடையது, ஆறுதல் உண்மையாதல் கூடுமா என்னும் வினாக்களை முறையாக ஆராய ஓரிடம் வேண்டுமென்பதைப் பல்கலைக்கழகத்தார் எண்ணிப் பார்த்தல் நன்று. அங்ஙனம் ஆராய்வோர் சைவராயினும் கிறிஸ்தவராயினும் இஸ்லாமியராயினும், வாதத்தைத் தொடங்குமுன் கூண்டில் நிற்பவர் யாரென ஒருமுறை நோக்குவாராக.

அம்மாணவன் இப்போது ஆசிரியனாகப் பணியாற்றுகிறான். ஞாயிறுகளில் அதே கோயில் வளவிலே மறைக்கல்வியும் கற்பிக்கிறான். பழைய வினாக்களையே அவனும் கேட்கிறான். பிள்ளைகள் விடை சொல்கின்றனர். பாடம் முடிந்ததும், "இனி நீங்கள் கேளுங்கோ" என்று கூறிச் சிறிது நேரம் காத்திருக்கிறான். பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. ஆயினும் அவன் காத்திருக்கத் தவறுவதில்லை.